ஒன்பதாவது பத்தி

குடும்ப நீதிமன்றத்துக்கு எதிர்ச்சாரியில், தகரக் கூரைக்குக் கீழே ஏழு மேசைகள். ஏழிலும் கணினி, ஏழிலும் பிரிண்டர். ஆனால் கூட்டம் நிற்பது மூன்றாவது மேசையில்தான். வேகத்தைப் பார்த்தால் ஐந்தாவது மேசைக்காரர் இன்னும் கெட்டிக்காரர். ஆனால் டைப்பிங் அக்கா அடித்துக் கொடுக்கிற மனுவைப் படித்தால் கல்லும் கரையும் என்று வக்கீல்களுக்குள் ஒரு பேச்சு. மனுக் கொடுக்க வந்தவர்களே தங்கள் மனுவை வாங்கிப் படித்துவிட்டு, நாம் இவ்வளவா கஷ்டப்பட்டோம் என்று தேம்பியதைப் பக்கத்துக் கடை ஜெராக்ஸ்காரர் பல தடவை பார்த்திருக்கிறார்.

அதற்கு ஒரு தொழில் ரகசியம் இருந்தது. பதினோரு வருஷமாக அடித்த மனுக்களில் நன்றாக வந்த பத்திகளையெல்லாம் அவள் தனியாக எடுத்து வைத்திருந்தாள். கணினியில் அந்தக் கோப்புக்குப் பெயர் 'சரக்கு'. குடிக்கு ஒன்பது பத்தி, அடிக்குப் பதினாலு, மாமியாருக்கு மட்டும் இருபத்திரண்டு. "அக்கா, பொண்ணு வாயில்லாப் பூச்சி. அழுகை கொஞ்சம் தூக்கலா ஒண்ணு போடுங்க" என்பார் வக்கீல் குமாஸ்தா. அவள் தேடி எடுத்து, ஆள் பெயரையும் தேதியையும் மாற்றி ஐந்தே நிமிஷத்தில் நீட்டுவாள். புருஷன் கட்சி, பெண்டாட்டி கட்சி என்றெல்லாம் கிடையாது. காலையில் ஒரு புருஷனை அயோக்கியனாக்கிய கை மத்தியானம் ஒரு பெண்டாட்டியை ராட்சசியாக்கும். சாயங்காலம் மகளுக்கு ரொட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடும்.

இதில் தப்பென்ன என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. சட்டை தைக்கிறவரிடம், இதைப் போட்டுக்கொண்டு எங்கே போகப் போகிறார்கள் என்று நாம் விசாரிப்பதில்லை.

அவளுக்கும் புருஷனுக்கும் ஒத்துவரவில்லை. அதற்கு மேல் சொன்னால் நானும் யாராவது ஒருவர் பக்கம் சாய்ந்துவிடுவேன். அவன் லிப்ட் மெக்கானிக். கோபக்காரன், ஆனால் கை நீட்டாதவன். இவள் பேசாமல் இருந்தே ஆளைக் கொல்லுகிறவள். ஒன்றரை வருஷத்துக்கு முன் மகளைக் கூட்டிக்கொண்டு தன் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். மூன்றாவது மாடியில் இரண்டு அறை. அக்கா, அதாவது பெரியவள், ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற பகுதியில் வேலை. தனிக்கட்டை. வாய் மட்டும் நாலு பேருக்கு உண்டு.

மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், கோர்ட் சேவகர் குடையோடு சாலையைத் தாண்டி வந்து மூன்றாவது மேசையில் ஒரு உறையை வைத்தார். தகரத்தில் மழை அடிக்கிற சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. அவள் வழக்கம்போல, "எத்தனை காப்பி?" என்றாள்.

"அடிக்கிறதுக்கு இல்லக்கா. உங்களுக்குத்தான். வாங்கிக்கிட்டதுக்கு இங்க ஒரு கையெழுத்து போடுங்க."

அவன் விவாகரத்து கேட்டிருந்தான். கூடவே எட்டு வயது மகளையும் கேட்டிருந்தான். அவள் கணினிக்குப் பிளாஸ்டிக் உறையைப் போட்டு மூடிவிட்டு, நின்றபடியே படித்தாள். முதல் மூன்று பத்தி கல்யாணத் தேதி, விலாசம், பிள்ளை பிறந்த தேதி. நாலாவது பத்தியில் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

'எதிர்மனுதாரர் தனக்கென ஓர் உலகில் வாழ்ந்துகொண்டு, பெற்ற பிள்ளையின் பசியைக்கூட முகத்தில் படிக்கத் தெரியாதவராக, தாய் என்ற சொல்லுக்கே...'

அது அவளுடைய வாக்கியம். ஐந்து வருஷத்துக்கு முன்னால் இதே மேசையில் பிறந்தது. அன்றைக்கு அது வந்து விழுந்த அழகில் ஜெராக்ஸ்காரரைக் கூப்பிட்டு வாசித்துக்கூடக் காட்டியிருந்தாள். குமாஸ்தாக்கள் கைமாற்றிக் கைமாற்றி, ஊரெல்லாம் சுற்றி, அது இப்போது வீடு திரும்பியிருந்தது.

சாயங்காலம் பெரியவள் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு அதைப் படித்தாள். மகள் உள்ளறையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"எவன்டி எழுதிக் குடுத்தான் இதை? நாக்குல நரம்பில்லாம எழுதியிருக்கான்."

"நான்தான்."

"என்னது?"

"நாலாவது பத்தி நான் எழுதினதுக்கா. வேற ஒருத்திக்கு."

"எவளுக்கு?"

"ஞாபகமில்ல."

"அவ புள்ளைக்குச் சோறு போடாம இருந்தாளா?"

"தெரியாது. குமாஸ்தா அழுத்தமா ஒண்ணு கேட்டார். போட்டுக் குடுத்தேன்."

பெரியவள் காலை வெந்நீரிலிருந்து எடுத்தாள். ப்ளீச் தண்ணீரில் ஊறி ஊறிப் பாதம் வெளிறிப் போயிருந்தது. "நல்லாத்தான் எழுதியிருக்க, போ" என்றாள்.

அவள் உள்ளே போய் மகளிடம், "பசிக்குதா?" என்று கேட்டாள்.

"இப்பதானேம்மா சாப்பிட்டோம்."

அன்றிலிருந்து அது ஒரு வியாதியாகப் பிடித்துக்கொண்டது. காலையில் கேட்பாள், பள்ளிக்கூட வாசலில் கேட்பாள், தூங்கப் போகும்போது கேட்பாள். முகத்தை முகத்தைப் பார்ப்பாள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மகள் ஒருநாள், "அம்மா, பசிச்சா நானே சொல்லுவேன். சும்மா சும்மா கேக்காத" என்று கத்திவிட்டாள்.

வழக்கு இழுத்தது. வாய்தா மேல் வாய்தா. அவளுக்குத் தாடை வலி வந்தது. மேல்வரிசை கீழ்வரிசைப் பற்களை இறுகக் கடித்துக்கொண்டே நாளெல்லாம் இருக்கிறாள் என்பது அவளுக்கே தெரியாது. ரொட்டியை மெல்ல முடியாமல் டீயில் நனைத்துத் தின்றாள். தூக்கம் போயிற்று. அடிக்கும்போது விரல்கள் ஒரு எழுத்து தள்ளித் தள்ளி விழுந்தன.

நீதிமன்றத்தில் ஆலோசகர் அம்மா ஒருவர் உண்டு. வழக்காடுகிறவர்களை ஆளுக்கு அரை மணி நேரம் உட்கார வைத்துப் பேசுவார். நல்ல மனுஷி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில் ஒரு தாளை நீட்டினார். 'வழக்குக் காலத்தில் மன அழுத்தத்தைச் சமாளிக்கப் பத்து வழிகள்.'

"இது நான் அடிச்சதுதான் மேடம்" என்றாள் அவள். போன வருஷம் அடித்தது. ஜெராக்ஸ்காரர் முந்நூறு காப்பி போட்டார்.

"அப்ப உங்களுக்கு மனப்பாடமாவே தெரியும்" என்று ஆலோசகர் சந்தோஷப்பட்டார்.

தெரியும். தெரிந்ததையெல்லாம் செய்தும் பார்த்தாள். ஆழமாக மூச்சை இழுத்தால் டோனர் தூள் நெடியும் எதிர்ச் சாக்கடையும் சேர்ந்து வந்தன. மத்தியான இடைவேளையில் நீதிமன்றத்தைச் சுற்றி நடந்தாள். ஒவ்வொரு சுற்றிலும் புருஷனுடைய வக்கீலான நெட்டையர் எதிரே வந்து தலையாட்டினார். நம்பிக்கையான ஒருவரிடம் மனம் விட்டுப் பேசவும் என்று ஒரு வழி. பெரியவளிடம் பேசினால் அவள் மெக்கானிக்கின் ஏழு தலைமுறையையும் இழுப்பாள். உங்கள் உணர்வுகளைத் தினமும் எழுதி வைக்கவும் என்று இன்னொரு வழி. ஒரு நோட்டு வாங்கி, 'இன்று' என்று எழுதினாள். அதற்கு மேல் வரவில்லை. மறுநாள் உட்கார்ந்தபோது வந்தது. 'மேற்படி நான் தாங்கொணா மன உளைச்சலுக்கு ஆளாகி' என்று வந்தது. நோட்டை மூடி, மகளுக்குக் கணக்குப் போடக் கொடுத்துவிட்டாள்.

"இப்படியே இருந்தா நீ செத்துப் போவ" என்றாள் பெரியவள். "வா, எங்க ஆஸ்பத்திரியிலயே காட்டலாம். தூங்குறதுக்கு ஏதாவது குடுப்பாங்க."

"வேணாம்."

"ஏன் வேணாம்?"

"சீட்டு எழுதுவாங்க. பேரு ரிஜிஸ்தர்ல ஏறும். நெட்டை அதைத் தோண்டி எடுத்துடுவான். மாத்திரை சாப்பிடுற பொம்பளைகிட்ட புள்ளையை விடலாமான்னு கேப்பான்."

"அப்படியெல்லாம் கேப்பாங்களா?"

"அதுக்கு என்கிட்ட ஏழு பத்தி இருக்குக்கா."



பதில் மனுப் போட வேண்டிய நாள் நெருங்கியது. அவளுக்காக ஆஜரான வக்கீலம்மா நாலு நீதிமன்றத்துக்கு ஓடுகிறவர். நின்று பேச நேரமில்லை. "உனக்கு நான் சொல்லித் தரணுமா? அத்தனை பேருக்கும் அடிக்கிறவ நீ. அடிச்சு எடுத்துட்டு வா, கையெழுத்துப் போட்டுடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் மூன்று நாள் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊரார் வீட்டுக் கதையெல்லாம் தண்ணீர் பட்டபாடாக வந்த கைக்குத் தன் கதை வரவில்லை. புருஷன் என்ன செய்தான் என்று எழுத ஆரம்பித்தால், அவன் செய்த நல்லதும் நினைவுக்கு வந்தது. அவளுடைய அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது நாலு மாடி தூக்கிக்கொண்டு இறங்கியவன் அவன். அதை எந்தப் பத்தியில் போடுவது?

நாலாவது நாள் வழக்கமாகச் செய்வதைச் செய்தாள். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு பெண்ணுக்கு அடித்த பதில் மனுவை எடுத்தாள். அவளுக்கும் எட்டு வயதில் ஒரு பெண், அவளும் வேலைக்குப் போகிறவள். பெயரை மாற்றினாள். விலாசம், பள்ளிக்கூடம், தேதி என்று ஒவ்வொரு பத்தியாக மாற்றிக்கொண்டே வந்தாள். எட்டாவது பத்தியை முடித்தபோது பள்ளிக்கூடத்திலிருந்து போன். மகளுக்குக் காது வலி, அழுகிறாள், வந்து கூட்டிப் போங்கள் என்றார்கள். அப்படியே சேமித்துவிட்டு ஓடினாள். அன்று முழுக்க மகளை மடியில் போட்டுக்கொண்டு, துணியைச் சூடு பண்ணிக் காதில் ஒத்தடம் கொடுத்தாள். மறுநாள் காலையில் வந்து பத்தாவது பத்தியிலிருந்து ஆரம்பித்தாள்.

வக்கீலம்மா கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். அவளும் போட்டாள். ஜெராக்ஸ்காரர் மூன்று காப்பி எடுத்து, பின் அடித்து, "உனக்குக் காசு வேணாம்மா. நல்லபடியா நடக்கட்டும்" என்றார்.

விசாரணை நாளில் வெயில் மண்டையைப் பிளந்தது. கோர்ட் அறையில் ஒரே ஒரு மின்விசிறி, அதுவும் நீதிபதியின் பக்கம். புருஷன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அவள் கூண்டில் ஏறினாள். நெட்டை வக்கீல் குரலை உயர்த்தவேயில்லை.

"இந்தப் பதில் மனு நீங்களே அடிச்சதாம்மா?"

"ஆமா."

"படிச்சுப் பாத்துதான் கையெழுத்துப் போட்டீங்க?"

"ஆமா."

"சொன்னதெல்லாம் உண்மைன்னு சத்தியமும் பண்ணியிருக்கீங்க. அந்த ஒன்பதாவது பத்தியைக் கொஞ்சம் சத்தமாப் படிங்களேன்."

அவள் புரட்டினாள். படிக்க ஆரம்பித்து, நாலாவது சொல்லில் குரல் இறங்கியது. நீதிபதி, "கேக்கலம்மா" என்றார். மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

'கடந்த ஓராண்டாக நான் மன அழுத்தத்துக்கு மருத்துவ சிகிச்சை பெற்று, மாத்திரைகள் உட்கொண்டு வருகிறேன். மாத்திரையின் அசதியால் நான் எழ இயலாத நாட்களில், என்னுடன் வசிக்கும் என் தாயார் குழந்தையை நன்கு கவனித்துக்கொள்கிறார்.'

"உங்க தாயார் வந்திருக்காங்களா?"

"இல்ல."

"எங்க இருக்காங்க?"

"இறந்துட்டாங்க. ஆறு வருஷம் ஆச்சு."

"அப்ப நீங்க மாத்திரை போட்டுத் தூங்குற நாள்ல, புள்ளையை யார்கிட்டம்மா விடுறீங்க?"

அறையில் ஒரு சிரிப்பு ஓடி அடங்கியது. புருஷன் மட்டும் தலையை நிமிர்த்தவில்லை. அவனுக்கு அந்தப் பத்தி பொய் என்று தெரியும். தெரிந்தேதான் வக்கீலிடம் காட்டியிருக்கிறான். மாமியார் செத்துப்போனதை வேறு யார் சொல்லியிருக்க முடியும்?

"ஐயா, அது என்னோடது இல்ல" என்றாள் நீதிபதியைப் பார்த்து. "வேற ஒரு மனுவுல இருந்தது. மாத்தாம விட்டுட்டேன். நான் மாத்திரை சாப்பிடல. டாக்டர்கிட்டயே போகல."

"வேற மனுவை எடுத்தா உங்க மனுவைப் போட்டீங்க? சத்தியம் பண்ணிக் குடுக்குற பத்திரத்துல?" என்றார் நீதிபதி.

"எல்லாரும் அப்படித்தான் ஐயா..."

"அப்ப இதுல எதும்மா உங்களோடது?"

அவள் யோசித்தாள். யோசித்துப் பார்த்தால் விலாசம் மட்டும்தான் அவளுடையது. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "அவர் மனுவுல நாலாவது பத்தி நான் எழுதினதுதான் ஐயா" என்றாள்.

இந்தத் தடவை சிரிப்பு அடங்க நேரமாயிற்று. குமாஸ்தாக்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். வக்கீலம்மா நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். நீதிபதி சிரிக்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லியாக வேண்டும். மனுவை மூடி ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"சரிம்மா. பேப்பரை விடுங்க. உங்க பொண்ணைப் பத்தி உங்க வாயால சொல்லுங்க. அவளை எப்படிப் பாத்துக்குறீங்க, அவ உங்ககூட இருந்தா என்ன நல்லது, எதுவானாலும் சொல்லுங்க. நான் கேக்குறேன்."

முழு வழக்கும் அந்த ஒரு நிமிஷத்தில் அவள் கையில் வந்து உட்கார்ந்தது. வேறு யாருக்கும் நீதிபதி அப்படி ஒரு வாய்ப்பு கொடுத்துத் தான் பார்த்ததில்லை என்று பிறகு ஐந்தாவது மேசைக்காரர் சொன்னார். அவள் வாயைத் திறந்தாள். தாடை வலித்தது.

"பெற்ற தாயின் அரவணைப்புக்கு ஈடாக இவ்வுலகில் எதுவும் இல்லை என்பதாலும்," என்றாள், "குழந்தையின் எதிர்கால நலனைக் கருத்தில் கொண்டும்..."

நீதிபதி கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு, "இதை நான் வாரத்துக்கு மூணு தடவை படிக்கிறேன்மா" என்றார்.

அடுத்த வாரம் உத்தரவு வந்தது. தாய் சிகிச்சை எடுக்கிறாரா, எடுக்கவில்லையா என்பது தெளிவாகவில்லை. மூன்று மாதத்துக்குள் மனநல மருத்துவரிடம் காட்டி அறிக்கை கொடுக்க வேண்டும். அதுவரை குழந்தை தகப்பனிடம். சனிக்கிழமை தோறும் இரண்டு மணி நேரம் தாய் பார்க்கலாம்.

"நான் படிச்சிருக்கணும்" என்றார் வக்கீலம்மா. "நீ அடிச்சதுதானேன்னு விட்டுட்டேன்." அவ்வளவுதான் சொன்னார். மூன்றாவது நீதிமன்றத்தில் அவருக்கு வேறு வழக்கு இருந்தது.

மகளை அனுப்ப வேண்டிய நாளுக்கு முந்தின நாள் மறுபடி மழை. மேசைகளில் ஆளில்லை. அவள் கணினியைத் திறந்தாள். 'சரக்கு' பக்கம் போகவில்லை. பழக்கத்தில் ஒன்று என்று எண் போட்டாள். ஐந்து நிமிஷத்தில் மனு அடிக்கிறவள் அந்த ஒற்றைப் பக்கத்தை அடிக்க மத்தியானத்திலிருந்து மூன்று மணி வரை எடுத்துக்கொண்டாள்.

'1. இடது காதில் தண்ணீர் போகக் கூடாது. குளிக்கும்போது பஞ்சு வைக்கவும். பிறகு எடுக்க மறக்கக் கூடாது.

2. முட்டையில் மஞ்சளைத் தின்றுவிட்டு வெள்ளையைத் தட்டுக்கு அடியில் ஒளிப்பாள். திட்ட வேண்டாம்.

3. பொய் சொல்லும்போது மூக்கைச் சொறிவாள்.

4. பசிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பாள். கேட்காமல் தட்டை வைத்தால் சாப்பிடுவாள்.'

அப்படியே போயிற்று. கணக்கில் ஏழாம் வாய்ப்பாடு வராது. செருப்பு ஒரு அளவு பெரிதாக வாங்க வேண்டும். 'லிப்டில் தனியாக ஏறப் பயம். அப்பாவிடம் சொல்ல வெட்கப்படுகிறாள்' என்பது ஏழாவது. எட்டுக்குப் பிறகு விரல் தானாகப் பத்துக்குப் போனது.

வேறொரு மனுவில் கையெழுத்துப் போட வந்து நின்ற வக்கீலம்மா அந்தத் தாளை எடுத்துப் படித்தார். இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏம்மா, இதை அன்னைக்கு அந்தக் கூண்டுல..." என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"அன்னைக்கு வரல" என்றாள் அவள்.

சனிக்கிழமை காலையில் மெக்கானிக் வேலை வண்டியிலேயே வந்திருந்தான். பின்னால் கம்பியும் கயிறும் கிரீஸ் டப்பாவும். பெரியவள் பையை அவன் காலடியில் தொப்பென்று வைத்தாள். டைப்பிங் அக்கா தாளை நீட்டினாள். அவன் நின்றபடியே உதட்டை அசைத்துப் படித்தான். நடுவில் நிறுத்தினான்.

"லிப்டுக்குப் பயமா?"

"ம்."

"என்கிட்ட சொன்னதே இல்லையே."

அவன் மறுபடி படித்தான். தளம் தளமாக எண் பார்க்கிற கண் அது, தப்பவில்லை.

"எட்டுக்கு அப்புறம் பத்து இருக்கு. ஒன்பது எங்க?"

"அதைத்தான் கோர்ட்டுல படிச்சாச்சே."

அவன் முகத்தில் ஈயாடவில்லை. தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்து, பையின் மேல் ஒரு தடவை தட்டிப் பார்த்துக்கொண்டான். மகள் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். அழவில்லை. வண்டி நகர்ந்ததும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"அம்மா, பசிச்சா நானே சொல்லிக்குவேன். நீ கவலைப்படாத."

மூக்கைச் சொறிந்துகொண்டே சொன்னாள்.

வண்டி தெருமுனை திரும்பியபோதுதான் அவள் தன் கையைப் பார்த்தாள். பஞ்சு உருண்டை அப்படியே இருந்தது. பையில் வைக்க மறந்துவிட்டாள். இரண்டு அடி ஓடினாள். பிறகு நின்றுவிட்டாள்.

"கடையில பஞ்சு கிடைக்காதா என்ன" என்றாள் பெரியவள். "வா, போகலாம். பன்னண்டு மணிக்கு மேல டாக்டர் இருக்க மாட்டார். பேரு எழுதிச் சீட்டு வாங்கணும்."